போணிக்கு முன்னால் தும்மக்கூடாது

கடைத்தெருவில் பொய் சொல்லலாம். எதிர்க்கடை மிளகாய்த்தூளில் செங்கல் கலந்திருக்கிறது என்று புரளி கிளப்பலாம். ஆனால் போணிக்கு முன்னால் மட்டும் தும்மக்கூடாது. இராஜமாணிக்கத்தின் வியாபார சாஸ்திரம் இவ்வளவுதான்.

பழைய தில்லியின் காரி பாவ்லி மசாலாச் சந்தையில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே கல்லாப்பெட்டியைப் போட்டுக்கொண்டு இப்படி ஒரு சாஸ்திரம் வைத்திருப்பது, குளத்துக்குள் குடித்தனம் பண்ணிக்கொண்டு வேட்டி நனையக்கூடாது என்பது போல. அந்தத் தெருவில் நுழைந்தால் காக்காய்கூடத் தும்மும். ஆனாலும் காலையில் முதல் வியாபாரம் முடிகிறவரை அவர் கடையில் ஒருவரும் தும்மமாட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் மூக்கைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட ஓட நிற்பார்கள். முதல் நோட்டு கைமாறி, இராஜமாணிக்கம் அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டதும், அடக்கி வைத்ததெல்லாம் சரவெடியாக வெடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெருவில் உள்ள மற்ற லாலாக்கள், மதராஸி கடையில் போஹ்னி ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். அவர்கள் ஊரிலும் போணிக்குப் பெயர் போஹ்னிதான். சகுனத்துக்கு மட்டும் வடக்கு, தெற்கு கிடையாது.

இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே மூக்கு தட்சிணாமூர்த்தியுடையது.

தட்சிணாமூர்த்தி, இராஜமாணிக்கத்தின் மனைவி தங்கத்துக்குத் தம்பி. கடையில் சரிபாதிப் பங்காளி. ஜனக்புரியில் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தான். மனைவி போய்ச்சேர்ந்துவிட்டாள், ஒரே மகன் அஷ்வத் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அறுபதைத் தாண்டியும் அத்தானுக்கு அவன் 'அவன்'தான். விருதுநகரிலிருந்து வந்து கடை போட்ட நாளிலிருந்து, கல்லாவில் உட்காருவது அத்தான், பேரம் பேசுவது மச்சினன்.

அவன் பேரம் பேசுவதைப் பார்க்கவே ஆள் கூடும். குண்டூர்த் தரகனிடம் தெலுங்கில் ஆரம்பிப்பான், இந்தியில் திட்டுவான், தமிழில் தனக்குள் முனகுவான், கடைசியில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிடுவான். அந்த மௌனத்தில்தான் விலை இறங்கும். கடைக்கு வருகிறவர்கள் இராஜமாணிக்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "சோட்டே லாலா கஹாங் ஹை?" என்று சின்ன முதலாளியைத் தேடுவார்கள். கும்பிடு பெரியவருக்கு, வியாபாரம் சின்னவருக்கு. இராஜமாணிக்கமும் சிரித்துக்கொண்டே உள்ளே கை காட்டுவார். வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டே கை காட்டினால் கை வலிக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

மற்றவர்கள் தப்பித்தவறித் தும்மினாலும் இன்னொன்று தும்மிச் சகுனத்தைச் சரிக்கட்டிவிடுவார்கள். தட்சிணாமூர்த்திக்கு எப்போதும் ஒற்றைத் தும்மல், அதுவும் கல்குவாரியில் வேட்டு வைத்த மாதிரி. போன வருஷம் தசராவுக்கு முன்னால், கல்யாண சமையல் காண்டிராக்டர் ஒருவர் சீசன் முழுக்கச் சரக்கு எடுப்பதாகப் பேசிமுடித்து, முன்பணத்துக்குச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். அன்றைக்கு அதுதான் போணி. கை வெளியே வருவதற்குள் தட்சிணாமூர்த்தி வேட்டு வைத்தான். காண்டிராக்டரும் நம்ம பக்கத்து ஆள், விவரம் தெரிந்தவர். "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்தவர், எதிரே ஜீரக வியாபாரி பன்வாரிலால் கடையில் போய்த் தண்ணி குடித்தார். சரக்கையும் அவர் மூலமாகவே எடுத்தார்.

"ஏன் மாப்ள, அந்த மூக்கை மட்டும் வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தா என்ன?"

"வச்சிட்டு வந்துடலாம் அத்தான். அப்புறம் உங்க புளியில பூஞ்சை வாசம் வருதான்னு யாரு மோந்து பாக்குறது? உங்களுக்குத்தான் சாம்பிராணிக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாதே."

மறுநாளே இராஜமாணிக்கம் மருந்துக்கடைக்குப் போய், தும்மலுக்கென்று ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை வாங்கிவந்தார். கேட்டால் யாரும் தருகிற பழைய மாத்திரை. அதற்குப் 'போணி மாத்திரை' என்று பெயரும் வைத்தார். தட்சிணாமூர்த்தியும் சிரித்துக்கொண்டே விழுங்கினான். தும்மல் நின்றது. ஆனால் கொஞ்ச நாளில் அவனே வந்து சொன்னான்:

"எனக்கு இது வேணாம் அத்தான். மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. ஒரு வார்த்தையத் தேடிப் போனா வேற வார்த்தை வந்து நிக்குது."

தீபாவளியோடு நிறுத்தினான். நிறுத்திய முதல் நாளே போணி நேரத்தில் வேட்டு. அன்று பார்த்து வியாபாரமும் படுத்தது. உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று என்பார்கள். மிளகாய் விற்கப் போனால் மச்சினன் மூக்கு என்று சேர்த்துக்கொண்டார் இராஜமாணிக்கம்.

தங்கம் தினமும் தம்பிக்கென்று சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டு ஒரு பிளாஸ்க்கில் டீ கொடுத்துவிடுவாள். இராஜமாணிக்கத்துக்குச் சர்க்கரை வியாதி, அவர் அதைத் தொடமாட்டார். கடை திறந்ததும் அந்த டீயை ஊற்றிக் கொடுக்கிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அத்தான் தன் கையால் மச்சினனுக்கு டீ ஊற்றித் தருகிற காட்சியைப் பார்த்துத் தெருவே நெகிழ்ந்தது. டம்ளரின் அடியில் மஞ்சள் மாத்திரையைக் கரண்டியால் நுணுக்கிப் போட்டிருந்தது தெருவுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் புது மிளகாய் வரத்து வந்தபோது ஒன்று போதாமல் இரண்டாயிற்று. கருப்பட்டி எந்தக் கசப்பையும் மூடிவிடும்.

மூக்குக்குக் கொடுத்தது மூக்கோடு நிற்கும் என்பது அவர் கணக்கு. முழங்காலில் தடவிய தைலம் காதுக்கா போகும்?

தை பிறப்பதற்குள் தட்சிணாமூர்த்தி வேறு ஆளாகிவிட்டான். குண்டூர்த் தரகன் எதிரில் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். காலையில் சொன்ன விலையை மத்தியானம் வேறாகச் சொல்வான். ஒரு நாள் மெட்ரோவில் ஜனக்புரியில் இறங்காமல் துவாரகாவரை போய், அங்கே நடைமேடையில் உட்கார்ந்துகொண்டு அக்காவுக்குப் போன் பண்ணினான். எந்த ஊர் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வழக்கமாகச் சரக்கு எடுக்கிற ஓட்டல்காரர்கள் ஒருமுறை, இருமுறை பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு கும்பிட்ட கையோடு, "படே லாலா, நீங்களே விலை சொல்லிடுங்க" என்று இராஜமாணிக்கத்தின் முன்னால் உட்கார ஆரம்பித்தார்கள்.

இராஜமாணிக்கம் விலை சொன்னார். சுமாராகத்தான் சொன்னார். ஆனால் அவரிடம்தான் கேட்டார்கள். அந்த ருசி புதுசு.

பொங்கலை ஒட்டித் தெருவில் மின்கம்பி வேலை என்று சந்தையைச் சில நாள் அடைத்தார்கள். கடை இல்லை, ஆகவே மாத்திரையும் இல்லை. விடுமுறை முடிகிற அன்று காலை இராஜமாணிக்கம் பால்கனியில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீழே பச்சைப் பட்டாணி வண்டிக்காரனிடம் தட்சிணாமூர்த்தி பேரம் பேசிக்கொண்டிருந்தான். பழைய தட்சிணாமூர்த்தி. வண்டிக்காரனின் ஊரைக் கேட்டான், அந்த ஊர்ப் பட்டாணியைப் புகழ்ந்தான், இந்தப் பட்டாணி அந்த ஊருக்கே அவமானம் என்றான், பிறகு ஒன்றும் பேசாமல் வானத்தைப் பார்த்தான். வண்டிக்காரன் தானாகவே விலையைக் குறைத்து, மேலே ஒரு பிடி அள்ளியும் போட்டான்.

இராஜமாணிக்கத்துக்கு அங்கேயே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று அவர் பின்னால் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அது பொய். பேப்பரை மடித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாரே, அதுவே சாட்சி.

மறுநாள் கடை திறந்தது. டம்ளரை எடுத்தார். மாத்திரையை எடுத்தார். "ஒற்றைத் தும்மல் தரித்திரம், ஊருக்கே தெரியும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நுணுக்கினார்.

பன்வாரிலாலிடம் முதலில் விஷயத்தைச் சொன்னவரும் அவரேதான். "தட்சிணாவுக்குப் புத்தி கொஞ்சம்…" என்று ஆரம்பித்து, மீதியைக் கையால் காட்டினார். பாதியைச் சொல்லி மீதியை வாங்குகிறவனிடம் விட்டுவிடுவது நல்ல வியாபாரிக்கு அழகு. சாயங்காலத்துக்குள் மிளகுக்காரர், பாதாம்காரர், கோணி விற்கிறவர் வரை விஷயம் போய்விட்டது. தட்சிணாமூர்த்தியைப் பார்த்தால் எல்லாரும் சத்தமாகவும் மெதுவாகவும், குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். பெங்களூரிலிருந்து அஷ்வத், "அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடறேன் மாமா, கடைப் பங்கை நீங்களே எடுத்துக்குங்க, பட் டாக்டர் ஒருதடவை பாக்கட்டும்" என்று தன் அரைத்தமிழில் சொன்னான். ஆடிட்டரும் அதையே சொன்னார்: மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், தட்சிணாமூர்த்தியைப் பங்கிலிருந்து விலக்குவது சுலபம்.

ஆஸ்பத்திரியில் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. இராஜமாணிக்கம் யார் யாரையோ பிடித்து வாங்கிவிட்டார்.

நரம்பியல் டாக்டர் பிரியதர்ஷினி மயிலாப்பூர்ப் பெண். நாற்பது வயது இருக்கும். கூட வந்த தங்கத்தோடு சேர்த்து மூவரையும் உட்காரவைத்து, தட்சிணாமூர்த்தியிடம் மட்டும் பேசினாள்.

"சார், இன்னிக்கு என்ன தேதி?"

தட்சிணாமூர்த்தி மெதுவாகக் குனிந்தான். மடியில் வைத்திருந்த இடது கையை லேசாகத் திறந்து பார்த்தான். பக்கத்தில் இருந்த இராஜமாணிக்கத்துக்கும் தெரிந்தது. உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் தேதி, கிழமை, அதன் கீழே 'அஷ்வத்' என்று எழுதியிருந்தது. வேர்வையில் மை கலைந்து எல்லாம் ஒரே நீலமாக ஓடியிருந்தது. பரீட்சையில் பிட் அடிக்கிற பையன் மாட்டிக்கொண்டதுபோல் அவன் கையை மூடிக்கொண்டான்.

"பரவால்ல சார். நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சிட்டு வாங்க."

இரண்டு மாநில வரிகளையும் லாரி வாடகையையும் மூச்சுவிடுகிற நேரத்தில் கூட்டிக் கழித்த மனுஷன், தொண்ணூற்று மூன்றுக்கு அப்பால் போக வழி தெரியாமல் நின்றான். கொட்டாவி விட்டான். அக்காவைத் திரும்பிப் பார்த்தான். தங்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" டாக்டர் இப்போது மற்ற இருவரையும் பார்த்துக் கேட்டாள்.

தட்சிணாமூர்த்தியே பதில் சொன்னான். "எங்க மிளகாய்க் கடையில போணி நேரத்துத் தும்மலுக்கு ஒண்ணு போட்டேம்மா. தீபாவளியோட நிறுத்திட்டேன். அத்தானுக்குக் கூடக் கோவம்."

டாக்டர் இராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். ஆமாம், கோபம்தான். தலையாட்டியதில் பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே ரசீது போட்டுக்கொண்டார்.

டாக்டர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். ஸ்கேன் எடுக்கவேண்டும், ரத்தம் பார்க்கவேண்டும், மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்றாள். அவ்வளவுதான், கேட்ட சரக்கு கேட்டபடி கைக்கு வந்துவிட்டது. அப்போது தட்சிணாமூர்த்தி வாயைத் திறந்தான்.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மகன் பேரு மறந்துபோறதுக்கு இன்னும் எத்தன நாள் ஆகும்? அதுக்கு முன்னாடி அவன்ட்ட சில விஷயம் சொல்லணும், அதான்."

மச்சினனின் பேர மௌனங்களையெல்லாம் கல்லாவிலிருந்து வேடிக்கை பார்த்தவர் இராஜமாணிக்கம். இந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை. பேசிவிட்டார். ஆனால் பிறவிக்குணம் போகுமா? வழக்கம்போல் அடிமாட்டு விலையிலிருந்துதான் ஆரம்பித்தார்.

"டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அந்தத் தும்மல் மாத்திரை, தப்பித்தவறி, என்னைக்காவது ஒருநாள் உள்ள போயிருந்தா, இப்படி ஆகுமா?"

"ஒருநாள் போனா ஆகாது."

"வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு?"

டாக்டர் தட்டுவதை நிறுத்தினாள். "எத்தனை போச்சு, சார்?"

"தினம் ஒண்ணுன்னு வச்சுக்குங்களேன்."

"வச்சுக்கவா, இல்ல உண்மையாவா?"

"ரெண்டு," என்றார். "கொஞ்ச நாளா ரெண்டு. காலைல. டீயில."

தங்கம் திரும்பினாள். "எந்த டீயில?"

அவர் தரையைப் பார்த்தார். ஆஸ்பத்திரித் தரையை யாரோ நன்றாகத் துடைத்திருந்தார்கள்; அதில் அவர் முகமே தெரிந்தது.

"நான் போட்டுக் குடுத்த டீயிலயா?" தங்கத்தின் குரல் மேலே போகவில்லை, கீழே போயிற்று. "நான் தட்டிப்போட்ட கருப்பட்டியிலயா கலந்தீக?"

"அவருக்குத் தெரியாமலா?" என்று டாக்டர் கேட்டாள்.

"தெரிஞ்சா குடிக்கமாட்டானே," என்றார் இராஜமாணிக்கம். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். எதிர்த்து ஒரு விலை சொல்லியிருக்கலாம். அவள் தட்சிணாமூர்த்தியின் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, அவனுக்குத்தான் விளக்கினாள்.

"உங்களுக்குத் தும்மல் வரவைக்குதே, அதுக்குப் பேரு ஹிஸ்டமின். அதே சாமான் மூளைக்குள்ளயும் இருக்கு சார். அங்க அதுக்கு வேற வேலை. மூளையோட அடியில ஒரு சின்னக் கூட்டம் செல்கள் இருக்கு. நீங்க தூங்கும்போது அதுவும் சும்மா இருக்கும். காலைல அதுதான் மூளை பூராவும் ஹிஸ்டமினை அனுப்பி, ஷட்டரைத் தூக்குங்கடா, கடையைத் திறங்கடான்னு எல்லாரையும் எழுப்பிவிடும். விழிப்பு, கவனம், ஞாபகம், ஒரு விஷயத்துல மனசு ஊன்றது, எல்லாத்துக்கும் அதோட தயவு வேணும். இந்தப் பழைய மாத்திரை மூக்கோட நிக்காது, மூளைக்குள்ளயும் புகுந்து அந்த ஹிஸ்டமின் வேலை செய்யாம தடுத்துடும். ஞாபகத்துக்கு வேண்டிய இன்னொரு சாமானையும் சேர்த்து அடைக்கும். உங்க வயசுக்கு இதை நாங்க எழுதவே யோசிப்போம். புதுசா வந்த மாத்திரைங்க பெரும்பாலும் மூளைக்குள்ள போறதில்ல."

"அப்போ…" தட்சிணாமூர்த்தி வார்த்தையைத் தேடினான். முகத்தில் கோபம் இல்லை. திருவிழாவில் தொலைந்த குழந்தைக்கு வீடு தெரிந்த மாதிரி ஒரு முகம். "அப்போ எனக்குப் புத்தி போகலையா, அத்தான்?"

அவன் கேட்டது டாக்டரை அல்ல. இராஜமாணிக்கத்தை.

"இப்பவே சொல்லமுடியாது," என்று டாக்டர்தான் சொன்னாள். "நிறுத்திட்டுச் சில வாரம் கழிச்சுத் திரும்பப் பாப்போம். எனக்கு நம்பிக்கை இருக்கு." பிறகு இராஜமாணிக்கத்திடம் திரும்பினாள். "போணிக்காகக் குடுத்தேன்னு சொல்லப்போறீங்க, புரியுது. எங்க தாத்தாவும் ஜவுளிக்கடைதான். இன்னிக்குக் கடை உண்டா சார்?"

"இல்லம்மா. இங்க வரணுமேன்னு லீவு விட்டாச்சு."

"இன்னிக்குக் காலைல குடுத்தீங்களா?"

கேள்வி அவ்வளவுதான். இதற்குக் கீழே இறங்க விலை இல்லை. கடை இல்லாத நாளில், போணி இல்லாத நாளில், வீட்டு ஹாலில் அவரே டம்ளரை நீட்டி, "குடிச்சிட்டுக் கிளம்பு மாப்ள, நேரமாச்சு" என்று சொல்லியிருந்தார். பரீட்சைக்குப் போகிறவனுக்குக் கையைக் கட்டிவிட்டு அனுப்பியிருந்தார்.

"குடுத்தேன்," என்றார்.

தங்கம் எழுந்து வெளியே போனாள்.

திரும்பும்போது மெட்ரோவில் அவள் பெண்கள் பெட்டிக்குப் போய்விட்டாள். எப்போதும் புருஷனோடு சேர்ந்து பொதுப் பெட்டியில் வருகிறவள். தட்சிணாமூர்த்திக்கும் இராஜமாணிக்கத்துக்கும் மூத்த குடிமக்கள் இருக்கையில் இடம் கிடைத்தது. ரயில் கிளம்பியதும் காலையில் உள்ளே போன மாத்திரை தன் வேலையைக் காட்டியது. தட்சிணாமூர்த்தியின் தலை சாய்ந்து சாய்ந்து, அத்தானின் தோளில் வந்து படுத்துக்கொண்டது. எதிரே நின்ற கல்லூரிப் பெண்கள் அந்த இரண்டு கிழவர்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருத்தி, "ஸோ க்யூட்" என்றுகூடச் சொன்னாள். இராஜமாணிக்கம் தோளை அசைக்கவில்லை. அசைத்தால் விழித்துவிடுவானோ என்று பயம். விழித்தால் என்ன பேசுவது?

அந்த வாரத்திலிருந்து வீட்டில் தங்கம் அவரிடம் நேராகப் பேசவில்லை. சுவரைப் பார்த்து, "சாப்பாடு வச்சிருக்கு" என்பாள். பிரிட்ஜைப் பார்த்து, "சர்க்கரை மாத்திரை போட்டாச்சான்னு கேக்கணும்" என்பாள். தம்பியின் டீயை அவளே மாடிக்குக் கொண்டுபோய், அவன் குடித்து முடிக்கிறவரை நின்றுவிட்டு வந்தாள்.

தட்சிணாமூர்த்தி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தான். முதலில் பகல் தூக்கம் விட்டது. பிறகு டிவியில் செய்தி படிக்கிறவளோடு சண்டை போட ஆரம்பித்தான். பிறகு கீழே தள்ளுவண்டிக்காரர்கள் அவன் பால்கனியைக் கண்டாலே வண்டியை வேகமாகத் தள்ளினார்கள். ஹோலிக்கு முன்னால் டாக்டரிடம் போனபோது, நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துவிட்டு, "எட்டு எட்டாவும் சொல்லட்டுமாம்மா? மொத்தமா எடுத்தா தள்ளுபடி உண்டு" என்றானாம். அவனை அழைத்துப்போனது தங்கம். இராஜமாணிக்கத்தைக் கூப்பிடவில்லை.

அன்று மாலை அவன் மாடியிலிருந்து இறங்கிவந்தான். அத்தான் எதிரே சோபாவில் உட்கார்ந்தான்.

"எப்போ தெரியும்?"

"என்னது மாப்ள?"

தட்சிணாமூர்த்தி வானத்தைப் பார்ப்பதற்குப் பதில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குண்டூர்த் தரகர்கள் எத்தனையோ பேர் இந்த இடத்தில் உட்கார்ந்து வேர்த்திருக்கிறார்கள் என்பது இராஜமாணிக்கத்துக்கு இப்போதுதான் தெரிந்தது.

"டாக்டர் சொல்லித்தான்," என்று ஆரம்பித்தார். மின்விசிறி சுற்றியது. "சரி, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு சந்தேகம்." மின்விசிறி சுற்றியது. "பொங்கல்லயே தெரியும். நீ பட்டாணி வாங்கினியே, அன்னைக்கு."

"தெரிஞ்சுமா?"

"ஆமா. எல்லாரும் என்கிட்ட விலை கேட்டாங்க மாப்ள. நல்லா இருந்துச்சு."

அவர் வாழ்க்கையில் பேரம் பேசாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. தட்சிணாமூர்த்தி கொஞ்ச நேரம் அதை எடைபோட்டான்.

"பங்கு விஷயமெல்லாம் இப்ப வேணாம் அத்தான், அதை அப்புறம் பாத்துக்கலாம்," என்றான் கடைசியில். "தெருவுல எம்பேரைக் கெடுத்தது நீங்கதானே? கடைகடையாப் போய் நீங்களே சரிபண்ணுங்க. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அது முடிஞ்சாத்தான் கடையில கால வைப்பேன்."

மறுநாள் இருவரும் போனார்கள். தட்சிணாமூர்த்தி கடைக்குள் ஏறவில்லை. வாசலில் ஒரு மல்லி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். தெருக்காரர்கள் அவனிடம் வந்து, "கைசே… ஹோ… பையா…?" என்று பிடில் வாசிப்பதுபோல் இழுத்து இழுத்து நலம் கேட்டார்கள். அவன் பதில் சொல்லாமல் அத்தானைப் பார்த்தான்.

இராஜமாணிக்கம் தெருவைக் கடந்தார். அந்தத் தெரு அவ்வளவு அகலம் என்று அவருக்கு முன்னால் தெரியாது. பன்வாரிலால் கல்லாவில் இருந்தார். பக்கத்தில் அவருடைய மகன் லலித், கல்யாணமான பிள்ளை, ஜீரகச் சலிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிளகுக்காரரும் பாதாம்காரரும் டீக்கு வந்திருந்தார்கள். நல்லது, ஒரே தடவையில் முடியும்.

"பன்வாரி பாய், ஒரு விஷயம் சொல்லணும்," என்றார் இந்தியில். "தட்சிணாவுக்குப் புத்தி போகலை. ஒரு நோயும் இல்லை. நான்தான் தும்மக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியாம டீயில மாத்திரை கலந்து குடுத்தேன். அதனாலதான் அப்படி ஆனான். தப்பு பூரா என்னுது."

டீ டம்ளர்கள் பாதியில் நின்றன. இராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு, விழப்போகிற வசவுக்குத் தயாராக நின்றார். ஒரு வசவு விழுந்தால்கூடக் கொஞ்சம் பாரம் குறையும்.

பன்வாரிலால் எழுந்துவந்து அவர் தோளைப் பிடித்தார். கிழவரின் கண் கலங்கியிருந்தது.

"அரே ராஜா பாய்! மச்சினன் மானத்தைக் காப்பாத்தறதுக்காக இவ்வளவு பெரிய பழியை உங்க தலையில போட்டுக்கறீங்களா? எங்களுக்குத் தெரியாதா? தினம் உங்க கையால டீ ஊத்திக் குடுத்ததை இந்தத் தெரு பாத்திருக்கே!"

"இல்ல பாய், நிஜமா…"

"போதும், போதும். ஒண்ணும் சொல்லவேணாம்." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இந்தக் காலத்துல கூடப்பிறந்தவனே பங்கைப் பிடுங்கறான். இவரு மனைவியோட தம்பிக்காகத் தன்னை விஷம் வச்சவன்னு சொல்லிக்கறாரு. இப்படி ஒரு மனுஷன்!"

"தன்ய ஹோ," என்று மெச்சினார் மிளகுக்காரர். பாதாம்காரர் கைகூப்பினார்.

"நான் சொல்றது உண்மை! டாக்டர்கிட்ட வேணா கேளுங்க!" இராஜமாணிக்கத்தின் குரல் உடைந்தது. உடைந்த குரலைக் கேட்டு அவர்கள் இன்னும் நெகிழ்ந்தார்கள். வாழ்நாள் பூராவும் சொத்தைச் சரக்கைச் சோப்பு போட்டு விற்ற வாய். இன்றைக்குச் சுத்தமான சரக்கைக் கொண்டுவந்தால் வாங்க ஆள் இல்லை.

"லலித்!" என்று கூப்பிட்டார் பன்வாரிலால். "ஜல்தி இங்க வா. இவரு காலைத் தொடு. உனக்கும் ஒரு மச்சினன் இருக்கான், கத்துக்கோ."

லலித் சல்லடையை வைத்துவிட்டு வந்தான். கையிலிருந்த ஜீரகத் தூசியைத் தட்டிக்கொண்டு, குனிந்து, இராஜமாணிக்கத்தின் இரண்டு பாதங்களையும் பக்தியோடு தொட்டான். தொட்டவன் ஆசிக்காகக் குனிந்தபடியே இருந்தான். காலை இழுத்துக்கொள்ள இடமில்லை. பின்னால் ஜீரக மூட்டை. இராஜமாணிக்கம் தெருவுக்கு அந்தப்பக்கம் பார்த்தார்.

மல்லி மூட்டைமேல் தட்சிணாமூர்த்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவ்வளவு மாசம் கழித்து அவன் முகத்தில் அந்தப் பழைய, விலை படிந்த சிரிப்பு வந்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஆனால் தெருவில் வேறு யாருக்கும் புரியாத தமிழில், குரல் கொடுத்தான்:

"பிள்ளை குனிஞ்சே நிக்கிறான் பாருங்க, அத்தான். முதுகு வலிக்கும். ஆசீர்வாதம் பண்ணுங்க."